நான் வரைந்த அம்மா, கடைத்தெருவில் 250 ரூபாய்க்குத் தொங்குகிறார்

பாம்பன் தீவின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 24 வயது. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அவர் சேர்த்துக் கொடுத்த காசில் வாங்கிய டேப்லெட்டில் மகள் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார். இரண்டு வருடங்களுக்கு முன்பு அம்மாவையே வரைந்தார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. படம் நன்றாகச் சுற்றியது. "அக்கா, இதை டி-சர்ட்டா போடுங்க" என்று பலர் கீழே எழுதினார்கள்.

போன மாதம் ராமேஸ்வரத்தில், அக்னி தீர்த்தத்துக்குப் போகிற வழியில், சங்கு மாலையும் சாவிக்கொத்தும் விற்கும் கடை ஒன்றில் அந்தப் படம் டி-சர்ட்டாகத் தொங்கியது. பச்சைச் சேலை சிவப்பாகியிருந்தது. படம் இடவலமாகத் திரும்பியிருந்தது. இவர் கையொப்பமாகப் போடும் சின்னச் சிப்பி இருந்த இடத்தில் ஒரு தென்னை மரம், அதன் கீழே 'ராமேஸ்வரம்'. விலை 250 ரூபாய். கேட்டதற்குக் கடைக்காரர், "இது திருப்பூர்ச் சரக்கும்மா. படத்துல உன் பேரு எங்க இருக்கு?" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து தேடினால் ஓர் ஆன்லைன் விற்பனைத் தளத்தில் அதே டி-சர்ட் 399 ரூபாய். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் கோப்பையிலும் போஸ்டரிலும் அதே படம்.

இதோடு இன்னும் மூன்று மனக்குறைகளும் கடிதத்தில் இருக்கின்றன. மண்டபத்தில் ஒரு விடுதிக்காரர் 6,000 ரூபாய் கொடுத்துப் பழைய பாம்பன் பாலத்தை வரைந்து வாங்கினார். இப்போது அதைத் தன் விளம்பரத்திலும் காபி கோப்பைகளிலும் போடுகிறார். இவர் வரைந்த தனுஷ்கோடி தேவாலயப் படத்தை ஒரு ஃபேஸ்புக் பக்கம் எடுத்துப் போட்டிருக்கிறது. கீழக்கரையில் ஒரு பெண் "என் ஸ்டைலையே காப்பி அடிக்கிறாள்". தோழி, "நீதான் காப்புரிமை பதிவு பண்ணலையே, ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார். தாய்மாமா, "போலீஸுக்குப் போ, பத்து லட்சம் கேள்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது கேள்வி.

அன்புத் தங்கைக்கு,

நான்கு மனக்குறைகளையும் 'திருட்டு' என்ற ஒரே சொல்லால் எழுதியிருக்கிறீர்கள். டி-சர்ட் விஷயம் திருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விடுதிக்காரர் செய்தது அநேகமாகத் திருட்டு இல்லை. தேவாலயப் படத்தில் கேள்வி உங்களை நோக்கித் திரும்பக்கூடும். கீழக்கரைப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. நான்கையும் ஒரே புகாரில் எழுதினால், வலுவான ஒன்றையும் மற்ற மூன்றும் சேர்ந்து கீழே இழுத்துவிடும்.

முதலில் ஒரு சொல் திருத்தம். நீங்களும் தோழியும் 'காப்புரிமை' என்கிறீர்கள். அது கண்டுபிடிப்புகளுக்கானது, பேடன்ட். படம், பாட்டு, எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். வீண் பிடிவாதமாகச் சொல்லவில்லை. காப்புரிமை பதிவு செய்தால்தான் கிடைக்கும். பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் உங்கள் தோழிக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை நீங்கள் வரைந்த நிமிடமே உரிமை உங்களுடையது. பள்ளிக்கூடத்தில் ஓவியம் படித்தீர்களா, படம் உயர்ந்த கலையா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில் இந்தியாவும் இருப்பதால் பெரும்பாலான வெளிநாடுகளிலும் செல்லும்.

"நெட்டில் கிடந்தது, எடுத்தோம்" என்பார்கள். உங்கள் ஊரில் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம். தள்ளிக்கொண்டு கடலுக்குப் போக முடியுமா?

அப்புறம், "முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் புதுப் படம்" என்று டிசைன் கடைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே கிடையாது. இரண்டையும் பார்க்கிற சாதாரண மனிதருக்கு, இது அதிலிருந்து எடுத்தது என்று தோன்றுகிறதா என்பதுதான் அளவுகோல். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

இந்த இடத்தில் நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் படத்தில் அம்மாவின் இடது கையில் நான்கு விரல்களில் துணி இருக்கிறது, சுண்டு விரல் வெறுமையாக இருக்கிறது. டி-சர்ட்டில் வலது கை, அதிலும் சுண்டு விரல் மட்டும் வெறுமை. அன்றைக்கு அந்தத் துணி தண்ணீரில் போய்விட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாசி எடுக்கும் பெண்ணைத் தானாக யோசித்து வரைந்த ஒருவருக்கு அந்த ஒற்றை விரல் தோன்றியிருக்காது. தென்னை மரத்தின் அடிமரத்துக்குப் பின்னால் உங்கள் சிப்பியின் வளைந்த விளிம்பு ஒரு நூல் அளவு எட்டிப்பார்க்கிறது, கவனித்தீர்களா? மறைத்தவர் சரியாக மறைக்கவில்லை. அந்த விரலும் இந்த விளிம்பும்தான் உங்கள் வழக்கு.

கையொப்பத்தை அழிப்பது தனிக் குற்றமும்கூட. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவு, படைத்தவரை அடையாளம் காட்டும் தகவலை அனுமதியில்லாமல், தெரிந்தே நீக்குபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. நோட்டீஸில் இதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான நோட்டீஸ்களில் விட்டுவிடுகிறார்கள்.

சத்தம் போடுவதற்கு முன் சேகரியுங்கள்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு போட்டோகிராபர் என்னிடம் வந்தார். அவர் படத்தைக் காலண்டராக அடித்து ஆன்லைனில் விற்றவருக்குப் போன் போட்டு, நன்றாகத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வந்தார். மறுநாள் அந்தப் பக்கமே இல்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட்கூட எடுத்திருக்கவில்லை. எங்கள் கையில் மிஞ்சியது அவருடைய கோபம் மட்டும்தான்.

நீங்கள் கடைக்காரரிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள். பரவாயில்லை, ஆனால் இனி யாரிடமும் பேச வேண்டாம். இன்ஸ்டாகிராமில் "திருடர்கள்" என்று பதிவு போடும் எண்ணத்தையும் தள்ளி வையுங்கள். அந்தக் கடையிலேயே, உங்களைத் தெரியாத யாரையாவது அனுப்பி ஒரு டி-சர்ட்டை வாங்கி பில் போடச் சொல்லுங்கள். பில் புத்தகம் இல்லை என்றால் யுபிஐயில் பணம் கட்டுங்கள், அதுவே பதிவாகிவிடும். ஆன்லைனிலும் ஒன்று வாங்குங்கள். பார்சல் மேல் விற்பவர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் வரும். திருப்பூர் அச்சுக்காரரைப் பிடிக்க 399 ரூபாயில் இதைவிட நல்ல வழி இல்லை. பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி முழுத் திரையையும் எடுங்கள். இணையப் பக்கங்களின் நகலைத் தேதியோடு சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமித்தால், மூன்றாம் மனிதர் கையிலும் ஒரு நகல் இருக்கும்.

இனி உங்கள் பக்கத்துச் சான்று. லேயர்களுடன், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த அடுக்குகளுடன், இருக்கும் மூலக் கோப்புதான் உங்கள் பத்திரம். திருடியவரிடம் தட்டையான ஒரு ஜேபிஜி மட்டுமே இருக்கும். கோட்டு லேயர், நிற லேயர், அழித்துத் திருத்திய லேயர் எல்லாம் உங்களிடம்தான் இருக்கும். வரைந்ததை வீடியோவாகச் சேமிக்கும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: மூலக் கோப்பைத் திறந்து "சும்மா கொஞ்சம் சரி பண்ணி" மறுபடி சேமித்துவிடாதீர்கள், தேதி மாறிவிடும். நகல் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் தேதி விவரங்கள் உதிர்ந்துபோகும். இன்ஸ்டாகிராம் பதிவை நீக்கவே நீக்காதீர்கள், தேதியோடு நிற்கும் சாட்சி அது.

வழக்கு என்று வந்தால் இந்த மின்னணுச் சான்றுகளோடு ஒரு சான்றிதழும் வைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்று வக்கீல்கள் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவாகியிருக்கிறது. படிவத்தில் ஒரு பகுதியில் நீங்களும் இன்னொரு பகுதியில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் கைரேகை மாதிரியான 'ஹாஷ்' எண்ணையும் எழுத வேண்டும். வக்கீல் செய்துகொடுப்பார், நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

பதிவு தேவையில்லை என்றேன். ஆனாலும் இந்த ஒரு படத்துக்கு இப்போது பதிவு செய்யுங்கள். பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக ஏற்கப்படும். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய். பொருள்கள்மேல் பயன்படுத்தும் படம் என்றால் 2,000 ரூபாயும், வணிகச் சின்னப் பதிவாளரிடமிருந்து ஒரு சான்றும் வேண்டும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். படத்தைக் கவரில் போட்டுத் தனக்கே தபாலில் அனுப்பிக்கொள்வது வழி என்று யாராவது சொன்னால், அந்தத் தபால் காசுக்கு டீ குடியுங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது

கடைக்காரரை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. முழுவதும் விடச் சொல்லவில்லை, "இருக்கிற சரக்கை எடுத்துவையுங்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்று எழுதிக்கொடுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். பதிப்புரிமை இருப்பதே தெரியாது, தெரிய நியாயமான காரணமும் இல்லை என்று ஒருவர் நிரூபித்தால், அவருக்கு எதிராகத் தடை ஆணையும், அவர் பார்த்த லாபம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோதான் கிடைக்கும், நஷ்டஈடு கிடைக்காது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. அதே தெருவில்தான் நாளைக்கு நீங்களும் உங்கள் படத்தை விற்கப்போகிறீர்கள். அவர் உங்கள் எதிராளி ஆவதைவிடச் சாட்சி ஆவது நல்லது.

குறி வைக்க வேண்டியது அச்சடித்தவரையும் ஆன்லைனில் விற்பவரையும். இரண்டும் ஒரே ஆளாக இருக்கலாம், பார்சல் வந்தால் தெரியும்.

விற்பனைத் தளத்துக்கு, அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கோ பதிப்புரிமைப் புகார்ப் படிவத்திலோ எழுதுங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பொருளைப் பார்வையிலிருந்து எடுக்க வேண்டும். அடுத்த 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் அவர்கள் மறுபடி போட்டுவிடலாம். அப்படி ஆணை கொண்டுவருவேன் என்ற உறுதிமொழியும் அந்தப் புகாரில் கேட்பார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நடைமுறையில் பெரிய தளங்கள் தங்கள் சொந்தப் படிவத்திலேயே, இவ்வளவு தூரம் போகாமல் நீக்கிவிடுவதுண்டு. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

வெளிநாட்டுத் தளத்துக்கு அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். அந்தத் தளம் அமெரிக்காவில் இருந்து அதைத் தள்ளிவிட்டால் சட்டப் பொறுப்பு அதன் தலையிலேயே விழலாம், வேறு நாட்டுத் தளங்களும் பெரும்பாலும் இதே படிவத்தை வைத்திருக்கின்றன. வக்கீலே தேவையில்லை, காசும் இல்லை. பொய் சொன்னால் சத்தியத்தை மீறிய குற்றம் என்ற வாசகத்தின் கீழ்க் கையெழுத்திடுகிறீர்கள், அதனால் உண்மையை மட்டும் எழுதுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோரிக்கையில் எழுதும் பெயரும் முகவரியும் பெரும்பாலும் எதிர்த்தரப்புக்கே போய்ச் சேரும். தனியாகக் கிராமத்தில் இருக்கும் பெண்ணின் வீட்டு முகவரியை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். வக்கீல் அலுவலக முகவரியைக் கொடுங்கள், இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று திறந்துகொள்ளுங்கள். படத்தை அங்கே விற்பவர் எதிர்மனு போட்டு, நீங்கள் வழக்குப் போடாவிட்டால், 10 முதல் 14 வேலை நாளில் படம் திரும்ப வந்துவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இந்த வெளிநாட்டுத் தளங்களில் உங்கள் படத்தை எந்த மனிதரும் பார்த்தே இருக்க மாட்டார் என்பதுதான் எரிச்சலான வேடிக்கை. 2019 டிசம்பரில் ட்விட்டரில் ஓவியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு படத்தின் கீழ் "இது டி-சர்ட்டில் வேண்டும்" என்று யாராவது எழுதினால், தானியங்கி நிரல்கள் அதைத் தானாக அள்ளிக்கொண்டு போய் விற்பனைக்கு வைப்பதைக் கண்டுபிடித்தார்கள். உடனே "இந்தத் தளம் திருட்டுப் படம் விற்கிறது" என்றே எழுதிய படங்களைப் போட்டு, கீழே ஆளாளுக்கு "டி-சர்ட்டில் வேண்டும்" என்று எழுத, அந்தப் படங்களும் அப்படியே விற்பனைக்கு வந்தன. உங்கள் ரசிகர்கள் அன்பாக எழுதிய அந்த வரிக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

திருப்பூர்க்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். விற்பனையை நிறுத்துவது, மீதிச் சரக்கையும் அச்சுக் கோப்பையும் ஒப்படைப்பது, எத்தனை விற்றது என்ற கணக்கு, ஒரு தொகை. இந்த நான்கையும் கேளுங்கள். சான்று கையில் வருவதற்கு முன் மிரட்டல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே உங்கள்மேல் வழக்குப் போட 60ஆம் பிரிவு இடம் தருகிறது.

மாமா சொன்ன போலீஸும் பத்து லட்சமும்

மாமா சொல்வது முழுத் தவறில்லை. தெரிந்தே மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 'தெரிந்தே' என்பதை நிரூபிக்க வேண்டும். அழிக்கப்பட்ட சிப்பி அதற்கு உதவும், அச்சடித்தவருக்கு எதிராக மட்டும். இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனால் பிடிபடப்போகிறவர் கையருகே இருக்கும் கடைக்காரர்தான். நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் போலீஸைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பத்து லட்சத்தைப் பற்றி: கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் எத்தனை விற்றது, ஒரு டி-சர்ட்டுக்கு லாபம் எவ்வளவு, முறையாக அனுமதி கேட்டிருந்தால் நீங்கள் என்ன வாங்கியிருப்பீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும். இதுவரை உங்கள் அதிகப்படியான கட்டணம் 6,000 ரூபாய். கோரும் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் ஏறும். 3 லட்சமும் அதற்கு மேலும் போனால் வணிக வழக்காகி, அவசரத் தடை கேட்காத பட்சத்தில் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். என்னைக் கேட்டால், நிறுத்தம், கணக்கு, நியாயமான உரிமத் தொகை, செலவு என்று கேட்டு நோட்டீஸ் கட்டத்திலேயே முடிப்பதுதான் உங்களுக்கு லாபம்.

முடியாவிட்டால் வழக்குக்காகத் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. 62ஆம் பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது ராமநாதபுரத்திலேயே போடலாம். மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீலுக்குக் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் பேசுங்கள். இதைக் கருணையாக நினைத்துக் கூச்சப்பட வேண்டாம், 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை.

அம்மாவின் முகத்தை வைத்து ஊரில் கேலி பேசுகிறார்கள் என்ற வரி என்னைச் சங்கடப்படுத்தியது. ஒருவருடைய உருவத்தை அவர் சம்மதமில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று, நம் மாநிலத்திலிருந்து போன ராஜகோபால் வழக்கில் 1994இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அம்மா விரும்பினால் அவர் பெயரிலும் நோட்டீஸில் ஒரு பத்தி சேர்க்கலாம். அவரைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் விடுதிக்காரர்

இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். காசு கொடுத்து ஒருவர் ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. டேப்லெட்டில் வரைந்தது 'ஓவியம்' ஆகுமா என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதத்தை மட்டும் நம்பி வழக்குக்குப் போக நான் சொல்ல மாட்டேன். "சுவரில் மாட்டத்தானே கேட்டார்" என்கிறீர்கள். அப்படி அவர் அனுப்பிய வாட்ஸப் செய்தி எதுவும் இருந்தால் தேடி எடுங்கள், அது நிலைமையை மாற்றும்.

எப்படியானாலும் ஒன்று மட்டும் உங்களைவிட்டுப் போகாது: இதை வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. 57ஆம் பிரிவு. உரிமையையே விற்றுவிட்டாலும் படைத்தவரிடம் அது தங்கும், படைப்பைச் சிதைத்தாலும் கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவன் சுவரிலிருந்து தன் வெண்கலச் சிற்பத்தைப் பெயர்த்துச் சிதைத்ததற்காகச் சிற்பி அமர்நாத் சேகல் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 2005இல் 5 லட்சம் ரூபாய் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கினார். விடுதிக்காரரை நேரில் பார்த்து, "அண்ணே, கோப்பையில என் பேரும் சிப்பியும் வரணும்" என்று கேளுங்கள். சண்டை போட்டு வாங்குவதைவிட இது அதிகம் கொண்டுவரும்.

இனிமேல் யார் வரையச் சொன்னாலும் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: "இப்படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்கே. வாங்குபவர் தன் இடத்தில் காட்சிக்கு வைக்க மட்டும் பயன்படுத்தலாம். விளம்பரத்துக்கோ பொருள்களில் அச்சிடவோ தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும்." உரிமையை விற்பதானாலும் எழுத்தில்தான் விற்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தேவாலயமும் கீழக்கரைப் பெண்ணும்

தனுஷ்கோடி தேவாலயப் படத்தை "நெட்டில் கிடைத்த ஒரு போட்டோவின் மேல் வைத்து வரைந்தேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இடிந்த தேவாலயம் யாருக்கும் சொந்தப் படமில்லை, ஆனால் அந்தப் போட்டோ யாரோ ஒருவர் வெயிலில் நின்று எடுத்தது. உங்கள் டி-சர்ட்காரர் சொல்கிற "நெட்டில் கிடந்தது" என்ற அதே பதிலை நீங்கள் அவருக்குச் சொல்ல நேரும். அந்த ஃபேஸ்புக் பக்கத்தின் மேல் புகார் கொடுக்க வேண்டாம். முடிந்தால் போட்டோ எடுத்தவரைக் கண்டுபிடித்து அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் படத்தை எடுத்துவிட்டு ஒருநாள் தனுஷ்கோடிக்கே போய் உட்கார்ந்து வரையுங்கள். பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தானே.

கீழக்கரைப் பெண் உங்கள் படத்தை நகலெடுக்கவில்லை, உங்களைப் போல் வரைகிறார். பாசி எடுக்கும் பெண், தடித்த கோடு, கடல் பச்சை நிறம் இவையெல்லாம் கருத்தும் பாணியும். சட்டம் காப்பது வரைந்து முடித்த படத்தை. ஒருநாள் அவரோடு பேசிப்பாருங்கள், உங்கள் படத்தை வேறு எங்கே பார்த்தேன் என்று முதலில் வந்து சொல்லப்போகிறவர் அவராகவும் இருக்கலாம்.

நீங்களே டி-சர்ட் போடலாமா

தாராளமாக. ஆனால் அதிகம் பேர் அறியாத ஒரு குழி 15ஆம் பிரிவில் இருக்கிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளில் அடித்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை போய்விடும். திருடியவர் அடித்தது இந்தக் கணக்கில் வராது. சுவரில் தனிப் படமாக நிற்கக்கூடிய ஓவியத்துக்கு இது பொருந்துமா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனியாகப் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்கு இரண்டு படிச் சோதனை வகுத்திருக்கிறது. பெரிய அளவில் அடிக்கும் முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ஐம்பதுக்குள் அடித்துப் பார்ப்பதற்குத் தயங்க வேண்டாம்.

இனி படம் போடும்போது நீளப் பக்கம் 1,080 பிக்சலுக்கு மேல் வேண்டாம். போனில் அழகாகத் தெரியும், டி-சர்ட்டில் அடித்தால் பிசிறும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற 'டிபிஐ' எண்ணைக் குறைத்தால் போதும் என்பது தவறு, பிக்சல்தான் கணக்கு. சிப்பியை மூலையில் போடாதீர்கள், மூலையை வெட்டுவதும் மரத்தால் மறைப்பதும் எளிது. சேலை மடிப்பிலோ பாசிப் பையின் பின்னலிலோ ஒளித்து வையுங்கள். ஏஐ உங்கள் பாணியைக் கற்றுக்கொள்ளும் என்ற பயத்துக்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 'கிளேஸ்' என்று ஒரு இலவச மென்பொருள் தருகிறார்கள். ஓரளவு தடுக்கும், முழுக்கத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும்போது டேப்லெட், பென் டிரைவ், பில், இரண்டு டி-சர்ட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். டி-சர்ட்டைத் துவைக்க வேண்டாம், கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிளையும் வெட்ட வேண்டாம். அச்சடித்தவர் பெயர் அதில் இருக்கலாம்.